பெல்ட் முதலில், பாட்டு கடைசியில்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

போன முகூர்த்தத்தில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் என் அம்பாசிடரை நிறுத்திவிட்டு இறங்கினேன். 1974 மாடல், மார்க் 2. முப்பது வயது இருக்கும் ஒரு தம்பி, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து செல்போனில் படம் எடுத்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். பிறகு கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்ன சார், உள்ளே ஏசி, பெல்ட்டு, சார்ஜர்னு என்னென்னமோ வச்சிருக்கீங்க? ஒரிஜினாலிட்டியே போச்சே. நல்ல வண்டியைக் கெடுத்துட்டீங்களே சார்!"

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் இதற்கு நேர் எதிர்க் கட்சி. "இதெல்லாம் ஒரு வசதியா சார்? அந்த டேஷ்போர்டைத் தூக்கிப் போட்டுட்டு பத்து இஞ்ச் டச் ஸ்கிரீன் வைங்க. பவர் விண்டோ போடுங்க. முன்னாடி இந்த நீள சீட்டை எடுத்துட்டு பக்கெட் சீட்டு போடுங்க. என் மச்சான் பண்ணியிருக்கான். உள்ளே உட்கார்ந்தா புது கார்தான்!"

பந்திக்கு நேரமாகிவிட்டதால் இருவருக்கும் சிரித்து வைத்துவிட்டு உள்ளே போனேன். ஆனால் அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது. பழைய காருக்குள் புதிய வசதிகளைச் சேர்க்கலாமா, கூடாதா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சேர்க்கலாம். வண்டியில் மனிதர்கள் உட்கார்ந்து போக வேண்டும் என்றால் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, வரிசை. உயிரைக் காப்பது முதலில், உடம்புக்குச் சுகம் தருவது அடுத்து, கண்ணுக்கும் காதுக்கும் இன்பம் தருவது கடைசியில். இரண்டு, நாளைக்கு ஒருவர் அதைக் கழற்றினால் தழும்பு தெரியக் கூடாது.

இந்த இரண்டையும் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தலைகீழாகச் செய்து, அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால், ஓய்வு பெற்ற புதிதில், கையில் கொஞ்சம் காசு இருந்தது. வண்டிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. எதை முதலில் செய்தேன் தெரியுமா? பாட்டு! ஒரு கார் அலங்காரக் கடையில் கொண்டுபோய் விட்டேன். பளபளவென்று நீல விளக்கு எரியும் ஸ்டீரியோ, பின்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர். டேஷ்போர்டு தகரத்தை வெட்டித்தான் ஸ்டீரியோவை உள்ளே நுழைத்தார்கள். வெட்டும்போது எனக்கு மனசு ஒருமாதிரி இருந்தது. "ஒண்ணும் ஆகாது சார், மேல பிரேம் போட்டா தெரியாது" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் பாட்டு நன்றாகத்தான் பாடியது. ஒரு நாள் பேத்தியைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு பாபநாசம் தாண்டி வந்துகொண்டிருக்கிறேன். பிளாஸ்டிக் கருகும் நாற்றம். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை. ஓரமாக நிறுத்தி, குழந்தையைத் தூக்கி ரோட்டோர வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்ற ஓடினேன். ஸ்பேனர் டிக்கியில் இருந்தது. டிக்கிச் சாவி எங்கே என்று தேடிய அந்த ஒரு நிமிடம் எனக்கு ஒரு வருடம். நல்ல வேளை, வயர் கருகியதோடு நின்றது. தீப்பிடிக்கவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்து எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தோம். ஆட்டோ எலக்ட்ரீஷியன் என் பழைய மாணவர். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தயங்கிய பையன். இன்று அவர் சொல்லிக் கொடுக்க, நான் பாடம் கேட்டேன்.

"சார், இந்த மாதிரி பழைய வண்டியில வயர் கலர்தான் பாஷை. காப்பிக் கலர் வயர் பேட்டரியிலேர்ந்து நேரா வரும், அதுக்கு ஃப்யூஸ் கிடையாது. வெள்ளை, சாவி போட்டா உயிர் வரும். பச்சை, சாவி போட்ட பிறகு ஃப்யூஸ் வழியா வரும். கறுப்பு எர்த்து. கடைக்காரங்க ஸ்டீரியோ வயரை எதுல முறுக்கியிருக்காங்க பாருங்க. காப்பிக் கலர்ல. நடுவுல ஃப்யூஸே இல்ல."

உண்மைதான். லூகாஸ் முறையில் வயரிங் செய்த அந்தக் கால பிரிட்டிஷ் வகை வண்டிகளில் இந்த நிற ஒழுங்கு இருந்தது. நம் அம்பாசிடரும் அந்தக் குடும்பம்தான். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை வைத்து உத்தர்பாராவில் செய்த வண்டி அல்லவா! என் வண்டி முழுவதற்கும் இருந்தது இரண்டே இரண்டு ஃப்யூஸ். முகப்பு விளக்குக்குக்கூடத் தனி ஃப்யூஸ் கிடையாது. அது குறையல்ல. அந்தக் காலத்தில் வண்டியில் இருந்த மின்சாமான்கள் அவ்வளவுதான். ஒண்டுக் குடித்தனத்துக்கு என்று கட்டிய வீட்டில் நாம் கூட்டுக் குடும்பத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வீட்டின் மேல் பழி போடுகிறோம்.

அன்று அவர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். வீட்டு வரவு செலவு போன்ற கணக்குத்தான். பழைய காரில் எதைச் சேர்க்க நினைப்பவரும் இதை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

வரவு: என் வண்டியில் இருந்தது டைனமோ. நன்றாக ஓடும்போது அதிகபட்சம் 22 ஆம்பியர் கொடுக்கும். சிக்னலில் நின்று இஞ்சின் மெதுவாக ஓடும்போது கிட்டத்தட்ட ஒன்றும் வராது.

செலவு: முகப்பு விளக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 60 வாட். மொத்தம் 120 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். இக்னிஷன் காயில் 3 அல்லது 4. வைப்பர் 3. பின்விளக்கு, மீட்டர் விளக்கு எல்லாம் சேர்த்து 2. ஆக, மழை பெய்யும் ராத்திரியில் 18, 19 ஆம்பியர் ஏற்கெனவே போய்விட்டது. கையில் மிச்சம் மூன்று.

இதில் ஏசி வைத்தால்? உள்ளே காற்றடிக்கும் புளோயர், முன்னால் கண்டென்சர் ஃபேன், கம்ப்ரசர் கிளட்ச் என்று இன்னொரு 20 ஆம்பியர் கேட்கும். வரவு 22, செலவு 38. கடன் வாங்குவது யாரிடம்? பேட்டரியிடம். அது எத்தனை நாள் கொடுக்கும்?

அதனால் வசதி என்ற பேச்சை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது, யார் கண்ணுக்கும் தெரியாத வேலை. டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டோம். 45 ஆம்பியர். காய்ந்து நொறுங்கிய வயர்களை அதே நிறத்தில் புதிதாக இழுத்தோம். முகப்பு விளக்குக்கு ரிலே வைத்தோம். பழைய ஃப்யூஸ் பெட்டியைத் தொடாமல், பக்கத்தில் எட்டு ஃப்யூஸ் கொண்ட புதுப் பெட்டி ஒன்று. இனிமேல் சேர்க்கும் எந்தப் பொருளும் அந்தப் புதுப் பெட்டியிலிருந்துதான், தனக்கென்று ஒரு ஃப்யூஸோடுதான். வயரிங் படத்தை நானே வரைந்து, லேமினேட் செய்து, டேஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறேன். நாளைக்கு வேறு யாராவது வண்டியைத் திறந்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா.

கழற்றிய டைனமோவை விற்கவில்லை. எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, பரண் மேல் இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது பெல்ட். இதைச் செய்ய வைத்தது என் மகள்.

புகை வந்த கதையைக் கேட்ட பிறகு அவள் போனில் சொன்னாள்: "அப்பா, கோவிச்சுக்காதீங்க. வயரிங்கை மாத்திட்டீங்க, சரி. ஆனா பெல்ட் இல்லாத வண்டியில பாப்பாவை இனிமே அனுப்ப மாட்டேன். நீங்க பஸ்ல கூட்டிட்டுப் போங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்கள் எல்லாம் பெல்ட் போட்டா வளர்ந்தோம்? இந்த வண்டியில் முன்சீட்டில் மூன்று பேர், பின்சீட்டில் ஐந்து பேர், மடியில் இரண்டு பிள்ளைகள் என்று வேளாங்கண்ணி, திருநள்ளாறு எல்லாம் போய் வரவில்லையா? ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு இருந்தேன். பிறகு நானே யோசித்தேன். முப்பது வருடம் வகுப்பில், "நேற்று கீழே விழவில்லை என்பதால் இன்றைக்கும் மரம் ஏறலாம் என்று நினைக்காதே" என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். எனக்கு மட்டும் வேறு பாடமா? அன்றைக்கு ரோட்டில் எதிரே வந்தது மாட்டு வண்டியும் அரசுப் பேருந்தும். இன்றைக்கு நூறில் வருகிறார்கள்.

பழைய வண்டியில் பெல்ட் போடுவது சீட் கவர் போடுவது மாதிரி இல்லை. இதைக் கவனமாகப் படியுங்கள். கடையில் பெல்ட் வாங்கித் தரைத் தகரத்தில் ஓட்டை போட்டு போல்ட்டை முறுக்கிவிட்டால், அது கண்துடைப்பு. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பெல்ட் மாட்டிய இடத்தில் டன் கணக்கில் இழுக்கும். மெல்லிய தகரம் காகிதம் போலக் கிழிந்து வந்துவிடும். அதனால் தகரத்துக்குப் பின்னால் கனமான இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்து, பெல்ட்டுக்கென்றே உள்ள 7/16 அங்குல உயர்தர போல்ட்டைத்தான் போட வேண்டும். துரு பிடித்த இடமாக இருந்தால் முதலில் துருவை வெட்டி எடுத்துத் தகடு மாற்ற வேண்டும். எங்கள் மெக்கானிக் பாய் வெல்டிங்கைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றினார், பெட்ரோல் டாங்கையும் கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்தார். வேலை தெரிந்தவர் என்பதை அதில்தான் கண்டுகொண்டேன்.

முன்சீட்டின் இரண்டு ஓரத்துக்கும், பின்சீட்டின் இரண்டு ஓரத்துக்கும் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட். பேத்திக்கு உயரம் போதாததால் பூஸ்டர் சீட்டு. முன்சீட்டில் நடுவில் இப்போது யாரையும் உட்கார வைப்பதில்லை. அங்கே தேங்காய் பழப் பைதான் உட்காரும்.

"தழும்பு தெரியக் கூடாது என்றீர்களே, இங்கே ஓட்டையும் போட்டு வெல்டிங்கும் செய்திருக்கிறீர்களே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் விதியை நானே மீறிய ஒரே இடம் இதுதான். இன்னொரு முறை கேட்டாலும் மீறுவேன். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 'ஃபிவா' என்று ஒன்று இருக்கிறது. 1966-ல் தொடங்கியது. பழமையைக் காப்பதில் அவர்களை விடக் கண்டிப்பானவர்கள் இல்லை. டுரின் சாசனம் என்ற பெயரில் அவர்கள் வகுத்துள்ள நெறிமுறைகளில்கூட, பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றத்துக்கு இடம் உண்டு. குழந்தையின் தலையை விட வண்டியின் தகரம் பெரிதல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெல்ட் போட்டதால் என் வண்டி புது வண்டி ஆகிவிடாது. மோதினால் மடங்கிக் கொடுக்கும் ஸ்டியரிங் தண்டு இதில் இல்லை. ஏர்பேக் இல்லை. தலைக்குப் பின்னால் தாங்கல் இல்லை. ஆகவே பெல்ட்டும் போட்டு, அறுபதுக்கு மேல் போவதும் இல்லை. வசதி கூடும்போது பலருக்கு வேகமும் கூடிவிடுகிறது. அது தப்பு.

இப்போது ஏசி.

இதற்குக் காரணம் என் மனைவி. இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு பேருந்தில் ஏறி இறங்க முடியாது. எங்கள் வண்டியின் சீட்டு உயரம் அவருக்குச் சரியாக இருந்தது. குனியாமல் உட்காரலாம், மூச்சுப் பிடிக்காமல் எழுந்திருக்கலாம். இன்றைய சின்னக் கார்களில் பள்ளத்தில் இறங்குவது போல இறங்க வேண்டும். ஆனால் கத்திரி வெயிலில் உள்ளே வெந்துவிடும். ஒரு நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, வியர்த்து வடிந்து, வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "என்னங்க, இனிமே இதுல நான் வரல. உங்க ஆசைக்கு நீங்க வச்சுக்குங்க. எனக்கு ஒரு வாடகைக் கார் பிடிச்சுக் கொடுங்க."

அந்த வண்டியில்தான் அவர் எங்கள் மகளைப் பெற்றெடுக்கப் போனார். அதில் அவரே வரமாட்டேன் என்றால் அப்புறம் வண்டி எதற்கு? ஷெட்டில் நிறுத்தி ஞாயிற்றுக்கிழமை துடைப்பதற்கா?

ஆனாலும் எடுத்தவுடனே ஏசிக்கு ஓடவில்லை. வெக்கை எங்கிருந்து வருகிறது என்று பாய் முதலில் பார்த்தார். இஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவே உள்ள தகரத் தடுப்பில் வயர், கேபிள் போகும் ஓட்டைகள் ஏழெட்டு. அவற்றின் ரப்பர் எல்லாம் எப்போதோ மட்கிவிட்டது. இஞ்சின் சூடு நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் புது ரப்பர் போட்டார். தரையிலும் கூரைத் துணிக்கு மேலும் வெப்பம் தடுக்கும் ஃபெல்ட் விரித்தார். கதவு ரப்பர் மாற்றினார். பாதி வெக்கை அதிலேயே போய்விட்டது. வண்டிக்குள் சத்தமும் குறைந்தது. இதற்கு ஒரு துளி மின்சாரம் வேண்டாம். கதவுக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் காற்று மார்பில் வந்து அடிக்கும். அதை வடிவமைத்த புண்ணியவான் யாரோ! கறுப்பு ஃபிலிம் ஒட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்த சமாசாரம் அது. வேண்டாம் என்றுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஏசி. டேஷ்போர்டை வெட்டாமல், அதற்கு அடியில் தொங்கும் பெட்டி வகை. அந்தக் காலத்து அதிகாரிகள் வண்டியில் பார்த்திருப்பீர்கள். ஏற்கெனவே இருந்த போல்ட் ஓட்டைகளிலேயே தாங்கி செய்து மாட்டினோம். நான்கு போல்ட்டைக் கழற்றினால் பெட்டி கையோடு வந்துவிடும். ஒன்றை மறக்காதீர்கள்: ஏசி கம்ப்ரசர் இஞ்சின் பலத்தில் சில குதிரைத்திறனைத் தின்னும். என் 1489 சிசி இஞ்சினின் மொத்த பலமே சுமார் ஐம்பது குதிரைத்திறன்தான். கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றையும் மறைக்கும். அதனால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, தனி ஃபேன் வைத்து, சூட்டு மீட்டரை ஒழுங்குபடுத்திய பிறகே ஏசி. மேடு ஏறும்போதும், லெவல் கிராசிங்கில் நெடுநேரம் நிற்கும்போதும் அணைத்துவிடுவேன். புது வண்டி போல ஐஸாகக் குளிராது. மனைவி வியர்க்காமல் வருகிறார். எனக்கு அது போதும்.

கடைசியாகத்தான் சின்னச் சின்னச் சாமான்கள்.

செல்போன் சார்ஜர்: டேஷ்போர்டுக்கு அடியில், கால் படாத இடத்தில், 5 ஆம்பியர் ஃப்யூஸோடு. வழி காட்ட செல்போனே போதும். அதற்கென்று திரை வேண்டாம்.

பின்னால் பார்க்கும் கேமரா: கழுத்து முன்போலத் திரும்புவதில்லை. அம்பாசிடரின் டிக்கி வேறு உயரம். பின்னால் ஒரு குழந்தை நின்றால் தெரியாது. பழைய கண்ணாடியின் மேலேயே ரப்பர் பட்டையால் மாட்டும் திரை கிடைக்கிறது. கேமராவை நம்பர் பிளேட் திருகிலேயே பொருத்திவிட்டோம். இதை நான் சுகத்தில் சேர்க்கவில்லை, பாதுகாப்பில் சேர்க்கிறேன்.

பாட்டு: வெட்டிய டேஷ்போர்டை டிங்கர் வேலை செய்பவரிடம் கொடுத்து அடைத்து, பழைய நிறத்தில் பெயிண்ட் அடித்தோம். செலவு ஸ்டீரியோ விலையை விட அதிகம். பழைய ரேடியோவின் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் வயிற்றுக்குள் சின்ன புளூடூத் பலகை வைத்துக் கொடுத்தார் என் மாணவர். குமிழைத் திருகினால் பாடும். பார்ப்பவருக்கு ரேடியோதான். இது எங்கள் குடிசைத் தொழில் மட்டும் அல்ல. போர்ஷே நிறுவனமே தன் பழைய 911 கார்களுக்கு, வழிகாட்டியும் புளூடூத்தும் உள்ளே இருக்க, வெளியே பழைய ரேடியோவின் குமிழ்களோடு ஒரு கருவி செய்து விற்கிறது. பழைய ரேடியோ இருந்த அதே பொந்தில் அது உட்காரும். பெரிய கம்பெனிக்கும் தெரிந்திருக்கிறது, வெட்டக் கூடாது என்று.

இனி அந்தக் கல்யாண வீட்டு வாதத்துக்கு வருகிறேன்.

"ஒரிஜினாலிட்டி போச்சு" என்ற தம்பிக்கு: தம்பி, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் எது நவீனம்? காருக்குள் ரேடியோ அமெரிக்காவில் 1930-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. பேக்கார்ட் கம்பெனி தன் 1940 மாடலிலேயே ஏசி வைத்தது. மூன்று முனை பெல்ட்டை வோல்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959-ல் கொடுத்தார். மற்ற கம்பெனிகளும் செய்துகொள்ளட்டும் என்று அந்தக் காப்புரிமையை வோல்வோ திறந்துவிட்டது. என் வண்டி பிறந்தது 1974-ல். அதற்கு முன்பே இவை எல்லாம் உலகில் இருந்தன. நமக்கு வரவில்லை, அவ்வளவுதான். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்ட காலம் அது. அன்று கிடைக்காமல் போனதை எல்லாம் புனிதம் என்று இன்று பூஜை செய்ய வேண்டுமா?

அன்றைக்கும் நம் ஜனங்கள் சும்மா இருந்தார்களா? அரசு வண்டியில் சீட்டுக்கு வெள்ளை டர்க்கி டவல், டேஷ்போர்டில் சின்ன ஃபேன், பின்கண்ணாடிக்குத் திரை. அதுவும் சேர்த்த வசதிதான். உத்தர்பாராவிலிருந்து டவலோடு வரவில்லை!

"புது கார் மாதிரி ஆக்குங்க" என்ற உறவினருக்கு: ஐயா, புது கார் வேண்டும் என்றால் புது கார் வாங்குவது மலிவு. பழைய வண்டியின் உட்புறம் என்பது வெறும் சாமான் அல்ல. ஸ்டியரிங்கோடு இருக்கும் கை கியர், நீள முன்சீட்டு, காலால் அழுத்தி டிப் செய்யும் சுவிட்ச், கையால் சுற்றும் கண்ணாடி. இவை ஒரு காலத்து மனிதர்கள் எப்படிப் பயணம் போனார்கள் என்று சொல்லும் பாடம். பேத்தி கண்ணாடியைச் சுற்றி இறக்கும்போது அவள் முகத்தில் வரும் சந்தோஷம், பொத்தானை அழுத்தினால் வராது. அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. இனி ஒன்றை வெட்டினால் உலகில் ஒன்று குறைகிறது. உங்கள் மச்சான் வெட்டிய டேஷ்போர்டை யாரும் திரும்பச் செய்து தர மாட்டார்கள். அந்தத் தொடுதிரையோ ஐந்து வருடத்தில் பழசாகிவிடும். அப்போது வண்டியும் பழசு, திரையும் பழசு, இரண்டுக்கும் மதிப்பு இல்லை.

சட்டம் பற்றியும் இரண்டு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நீள சீட்டை எடுத்துவிட்டு பக்கெட் சீட்டு போட்டால், ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையே மாறலாம். செய்வதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய, சேசிஸ், பாடி, இஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் உண்டு. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. நான் அதற்குப் போகவில்லை. எனக்கு ஓடும் வண்டி வேண்டும். ஆனால் எனக்குப் பிறகு வருபவர் போக நினைத்தால், நான் அந்த வழியை அடைத்துவிடக் கூடாது அல்லவா. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, சேர்த்த மின்சாமான்களைத் தனியாகக் குறிப்பிடுங்கள். கம்பெனி பொருத்தாத பொருளுக்கு அதில் தனி இடம் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

பரண் மேல் டைனமோ ஏன் என்று பிறகு சொல்கிறேன் என்றேனே, இதற்குத்தான். டைனமோ மட்டும் இல்லை. கழற்றிய ஒவ்வொரு திருகும், ரப்பரும், சுவிட்சும் பிஸ்கட் டப்பாக்களில் போட்டு, எந்த இடத்துச் சாமான், எந்தத் தேதியில் கழற்றியது என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். வாத்தியார் புத்தி! "இந்தத் துருப்பிடிச்ச சாமானை எல்லாம் எதுக்கு வச்சிருக்கீங்க" என்று வீட்டில் திட்டு விழுகிறது. விழட்டும். வண்டி என் பெயரில் இருக்கிறது. ஆனால் நான் அதற்குக் கொஞ்ச காலக் காவல்காரன்தான். வகுப்பில் ஒரு வருடம் நம்மிடம் இருந்துவிட்டு அடுத்த ஆசிரியரிடம் போகும் பிள்ளை மாதிரி. நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதைச் சொல்லிக்கொடுக்கலாம். பிள்ளையை உடைத்துக் கொடுக்கக் கூடாது.

ஆகவே, வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்களே, கடைக்குப் போகும் முன் ஒரு காகிதத்தில் நான்கே கேள்வி எழுதிப் பாருங்கள். இது உயிரைக் காக்குமா? இதைத் தாங்கும் மின்சாரம் வண்டியில் இருக்கிறதா, இதற்குத் தனி ஃப்யூஸ் உண்டா? வெட்டாமல் வைக்க முடியுமா? கழற்றியதை எங்கே பத்திரமாக வைப்பேன்? நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு பாட்டைப் பற்றி யோசிக்கலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் திருவாரூர் போகிறோம். மனைவி முன்சீட்டில், பேத்தி பின்சீட்டில் பூஸ்டரில். முதலில் மூன்று 'கிளிக்' சத்தம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் சாவியைத் திருப்புவேன். ரேடியோவில் என்ன பாட்டு என்பதைப் பேத்தி முடிவு செய்வாள். அதில் மட்டும் எனக்கு உரிமை கிடையாது.

உங்கள் வீட்டிலும் ஷெட்டில் ஒரு பழைய அம்பாசிடரோ, பத்மினியோ, ஹெரால்டோ இருந்தால், அதில் நீங்கள் எதைச் சேர்த்தீர்கள், எதைச் சேர்த்துவிட்டு வருத்தப்பட்டீர்கள் என்று எழுதுங்கள். இன்னொருவர் டேஷ்போர்டாவது தப்பிக்கும்.